பீஃப் டிப்: நம்ம பக்கத்துக் கடைகளில் எது தேறும்?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 24

பீஃப் டிப், அதாவது வறுத்த மாட்டுக்கறிச் சீவலை ரொட்டியில் வைத்து, கறிச் சாற்றில் முக்கிச் சாப்பிடும் சாண்ட்விச், எங்கே நல்லது என்று லாஸ் ஏஞ்சலஸில் யாரைக் கேட்டாலும் ஃபிலிப்பீஸ் கடைக்குப் போ, ஃபிலிப்பீஸ் போ என்கிறார்கள். போனேன். வரிசையில் நின்றேன். ரொட்டியை அவர்களே சாற்றில் முக்கி, கறியை அடுக்கி, காகிதத் தட்டில் தள்ளிவிட்டார்கள். கையில் எடுத்தால் நொதநொத என்றிருக்கிறது. டிப் என்றால் சாறு தனிக் கிண்ணத்தில் வர வேண்டும். முக்குவது என் வேலை. கடைக்காரர் முக்கித் தருவதற்கு வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளட்டும். மறுப்பவர்கள் மறுக்கலாம். நான் இருப்பது நகரத்துக்குத் தெற்கே, சவுத் பே பகுதியில் இருக்கும் டாரன்ஸ். டவுன்டவுன் வரை காரை விரட்டாமல் சவுத் பே பக்கமே உருப்படியான பீஃப் டிப் எங்கே கிடைக்கும்? ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைகள் வேண்டாம்.

பிப்ரவரி 24, இரவு

மறுக்கிறேன். டவுன்டவுன் கடைகளான ஃபிலிப்பீஸ், கோல்ஸ் இரண்டுமே 1908-இல் தொடங்கியவை. இந்த சாண்ட்விச்சைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இரண்டு கடையும் சொல்லிவந்தன. ஃபிலிப்பீஸ் தரப்பில் 1918-ஐச் சொல்வார்கள். பிரான்சிலிருந்து வந்த ஃபிலிப் மத்தியூ ஒரு போலீஸ்காரருக்கு சாண்ட்விச் போடும்போது ரொட்டி கைதவறி வறுவல் தட்டில் விழுந்துவிட்டதாம். பரவாயில்லை கொடு என்று வாங்கிப் போனவர் மறுநாள் கூட்டாளிகளோடு வந்தாராம். காய்ந்துபோன ரொட்டியைப் பார்த்து முகம் சுளித்த தீயணைப்பு வீரருக்காக முக்கியது என்று ஒரு கதை. தட்டின் அடியில் கிடந்த சாற்றைப் பார்த்து ஆசைப்பட்டு ஒருவர் கேட்டு வாங்கியது என்று இன்னொரு கதை. கோல்ஸ் ஆட்கள் சொல்வது, ஈறு வீங்கி மெல்ல முடியாமல் வந்த ஒருவருக்காக அவர்களுடைய சமையல்காரர் முக்கிக் கொடுத்தார் என்று.

எதை நம்புவது என்பது உங்கள் பாடு. ஆனால் எல்லாக் கதையிலும் ரொட்டியை முக்கியது கடைக்காரர். வாடிக்கையாளர் தானே கிண்ணத்தில் முக்கியதாக ஒரு கதைகூடக் கிடையாது. கிண்ணம் பிறகு வந்த வழக்கம். கோல்ஸே பிற்காலத்தில் கிண்ணத்தில்தான் தந்தது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 25

நொதநொத என்றதற்குத் தனியாகப் பதில். ஃபிலிப்பீஸில் எப்படிச் சொல்லி வாங்கினீர்கள்? ஒற்றை டிப், இரட்டை டிப், முழுக்க நனைத்தது என்று படிகள் இருக்கின்றன. முதல் தடவை போகிறவர் முழுக்க நனைத்ததைக் கேட்டுவிட்டு ரொட்டியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இரட்டை டிப் கேளுங்கள். ரொட்டியின் வெட்டிய முகங்கள் மட்டும் சாற்றைத் தொட்டு எழும். மேல் ஓடு காய்ந்தே இருக்கும். கடிக்கும்போது வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். அந்த வித்தியாசத்துக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

மேசையில் இருக்கும் கடுகு விழுதைச் சும்மா தடவிவிடாதீர்கள். மூக்கின் உச்சிக்கு ஏறும். பட்டாணி அளவு போதும்.

மார்ச் 3

சவுத் பே தேடலைத் தொடங்கினேன். நீங்கள் கேட்டதற்காக மட்டும் இல்லை, எனக்கும் டவுன்டவுன் போய் வண்டி நிறுத்த இடம் தேடி அலுத்துவிட்டது.

முதலில் ஒரு ஸ்போர்ட்ஸ் பார். பெயர் வேண்டாம். சுவர் முழுக்க டிவி. பட்டியலில் பீஃப் டிப்புக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வேறு. வந்த ரொட்டி நீளமான மெத்து ரொட்டி, எள்கூட இல்லை. கறி ஒரே சாம்பல் நிறம். ஓரத்தில் பழுப்பு, நடுவில் இளஞ்சிவப்பு என்ற பேதமே இல்லை. கடையில் வறுத்த கறி இல்லை, பொட்டலத்தில் சீவலாக வாங்கியது. கிண்ணத்துச் சாறு பழுப்பாகப் பளபளவென்றுதான் இருந்தது. வாயில் வைத்ததும் உப்பு. முதலிலும் உப்பு, முடிவிலும் உப்பு, நடுவில் வெங்காயப் பொடி. தூளைக் கரைத்த வெந்நீர். முக்கிய ரொட்டியைத் தூக்கும்போது பாதி கிண்ணத்திலேயே தங்கிவிட்டது. உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது, சொல்லாவிட்டால் பாவம்.

அப்புறம் ஒரு பழைய ஸ்டேக் ஹவுஸின் பார் பகுதி. கறி முதல் தரம். ரொட்டி சியாபட்டா. அங்கேதான் கோட்டைவிட்டார்கள். சியாபட்டாவின் ஓடு தோல்போல இழுக்கும். பல்லை வைத்து இழுத்தால் ரொட்டி வராது, உள்ளே இருக்கும் கறி மொத்தமும் பின்பக்கமாக மடியில் விழும். விழுந்தது. வெள்ளைச் சட்டை.

மார்ச் 4

கறி வெட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலான கடைகள் மாட்டின் பின்னங்கால் பகுதியைத்தான் வறுக்கின்றன. கொழுப்பு குறைவு, விலை குறைவு. நாரின் போக்குக்குக் குறுக்கே, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிதாகச் சீவினால் மெத்தென்று இருக்கும். தடிமனாகச் சீவினால் அதே துண்டு செருப்புத்தோல். விலை உயர்ந்த கடைகளில் விலா எலும்புப் பகுதி, அதாவது பிரைம் ரிப். ஹில்ஸ்டோன் குழுமத்து ஹூஸ்டன்ஸ் கடைகளில் வருவது அந்த ரகம். கேள்வி கேட்டவர் கிளை வைத்த கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆகவே அதை இத்தோடு விடுகிறேன். சொந்தக் காசு கொடுக்காத நாளில் போய்ப் பாருங்கள்.

மார்ச் 10

சாற்றைச் சோதிக்க ஒரு வழி. மீந்த சாற்றை மூடி போட்ட கப்பில் வாங்கி வாருங்கள். யாரும் மறுப்பதில்லை. இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கப்பைச் சாய்த்துப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் பார் சாறு தண்ணீராகவே இருந்தது. அடியில் பழுப்பு வண்டல், மேலே தெளிந்த உப்புநீர். ஸ்டேக் ஹவுஸ் சாறு கட்டிப்பட்டிருந்தது. மேலே வெள்ளைக் கொழுப்பு ஓர் ஏடு, அதைக் கரண்டியால் நீக்கினால் கீழே தேன் நிறத்தில் ஆடும் ஜெல்லி. கப்பைக் கவிழ்த்தும் விழவில்லை. எலும்பையும் சவ்வையும் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால்தான் அதிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறி இப்படி உறையும். கடையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால், சூடாக ஒரு மடக்கு குடித்துவிட்டு உதடுகளைச் சேர்த்துப் பிரியுங்கள். லேசாக ஒட்டினால் எலும்புச் சாறு. ஒட்டவில்லையென்றால் டப்பா.

இன்னொன்று. வறுத்த கறியிலிருந்து வடிந்த சாறு மட்டும்தான் அசல் என்று சிலர் பெருமையடிப்பார்கள். நடுவில் இளஞ்சிவப்பாக, 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்கிய கறியில் வடிவது சில கரண்டி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் கூட்டத்துக்கு ஊற்ற முடியாது. நல்ல கடை என்றாலும் எலும்பு போட்டுத் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

மார்ச் 11

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாம், நனைந்த ரொட்டிக்கு முகம் சுளிக்கலாமா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. பரோட்டாவின் அடுக்குகள் சால்னாவைக் குடித்தும் கரையாமல் நிற்கும்படி அடித்து வீசிச் செய்யப்பட்டவை. இங்கேயும் அதே கதை. பீஃப் டிப்பில் மாட்டைவிட மாவுதான் முக்கியம். நல்ல கறியும் மோசமான ரொட்டியும் சேர்ந்தால் தோல்வி. சுமாரான கறி, நல்ல ரொட்டி என்றால் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம்.

மார்ச் 24

மாமா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். மனைவியின் அப்பா. யூனியன் ஸ்டேஷனைப் பார்க்க ஆசைப்பட்டார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1939 கட்டடம் என்றதும் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். அங்கிருந்து ஃபிலிப்பீஸ் நடக்கிற தூரம். விடுவேனா.

உள்ளே நுழைந்ததும் தரையைப் பார்த்தார். “என்ன மாப்ளே, மரத்தூளக் கொட்டி வச்சிருக்கான்? அறுவ மில்லா இது?”

“மாமா, இங்க எப்பவும் அப்படித்தான். வரிசையில நில்லுங்க, நான் பணம் எடுக்கறேன்.”

“மாடு எனக்கு வேணாம்பா. பாத்துச் சொல்லு.”

ஆட்டுக்கறி டிப் இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. பன்றி, ஹாம், வான்கோழி எல்லாம் உண்டு. அவருக்கு ஆடு, எனக்கு மாடு, இரண்டும் இரட்டை டிப். கவுன்டருக்குப் பின்னால் கறி சீவும் அம்மா முள்கரண்டியால் ரொட்டியைக் குத்தி, சாற்றுத் தட்டில் ஒரு கணம் படுக்கவைத்து எடுத்து, வழிந்ததை விளிம்பில் தட்டிவிட்டு, கறியை அடுக்கினார். மாமா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். நீள மேசையில் யாரோ ஒரு டாட்ஜர்ஸ் தொப்பிக் குடும்பத்துக்கு எதிரே இடம் கிடைத்தது. மாமா கடுகை ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார். சொல்வதற்குள் கடித்துவிட்டார். கண்ணில் நீர் வந்தும் தட்டைக் கீழே வைக்கவில்லை. பீட்ரூட் சிவப்பில் ஊறவைத்த முட்டையையும் ஒரு கை பார்த்தார்.

எனக்கு ஆட்டில் ஒரு கடி கொடுத்தார். மாட்டைவிட அது நன்றாக இருக்கிறது என்று இந்த இழையில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆட்டுக் கொழுப்பின் வாசம் அந்தச் சாற்றோடு சேரும்போது கறிக்குத் தனி ருசி வருகிறது. நீலப் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடுவோர் ஒரு கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை.

காபி விலையைக் கேட்டுவிட்டு மாமா நம்பவில்லை. அதுவே ஏற்றிய விலை. 2012 வரை 9 சென்ட்டுக்குக் கொடுத்தார்கள், அப்புறம்தான் 45 சென்ட் ஆக்கினார்கள்.

மார்ச் 25

ஃபிலிப்பீஸ் தொடக்கத்திலிருந்து அதே கட்டடத்திலா என்று கேட்டவருக்கு: இல்லை, 1908-இலிருந்து அதே இடம் இல்லை. 101 நெடுஞ்சாலை போடும்போது பழைய இடம் போய்விட்டது. அலமீடா தெருவுக்கு வந்தது 1951-இல். மத்தியூ அதற்கு முன்பே, 1927-இல், கடையை மார்ட்டின் குடும்பத்துக்கு விற்றுவிட்டார். இடம் மாறாமல் இருந்தது கோல்ஸ்தான். ஆறாம் தெருவில் பசிபிக் எலெக்ட்ரிக் கட்டடத்தின் கீழ்த்தளம். சிவப்பு டிராம் வண்டிகள் வந்து நின்ற கட்டடம் அது. 2008-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். இருட்டு, மரம், பித்தளை. குடிக்கப் போனவர்களுக்கு அது. சாப்பிடப் போகிறவனுக்கு ஃபிலிப்பீஸ்.

ஏப்ரல் 7

சவுத் பேக்குத் திரும்புவோம். ஒரு தந்திரம் பிடிபட்டிருக்கிறது, நட்சத்திர மதிப்பீடுகளைவிட உருப்படியானது.

கடைக்கு ஃபோன் செய்து “பீஃப் டிப் நன்றாக இருக்குமா” என்று கேட்காதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள். “பிரைம் ரிப் எந்தக் கிழமை போடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். பல கடைகளில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் முழு விலாவை வறுப்பார்கள். அதில் மீந்த ஓரத் துண்டுகளும் நடுத் துண்டுகளும்தான் மறுநாள் மதிய டிப். எலும்பும் அன்றைக்கே பானைக்குப் போகும். ஆக ஞாயிறு மதியம் கிடைக்கும் டிப் வேறு, புதன்கிழமை அதே கடையில் அதே பெயரில் கிடைக்கும் டிப் வேறு. புதன்கிழமை போய்விட்டு ஒற்றை நட்சத்திரம் போட்டவரும் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு ஐந்து போட்டவரும் ஒரே பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இருவருமே சரி.

இரண்டாவது கேள்வி: “ரொட்டி எங்கிருந்து வருகிறது, காலையிலா, முந்தின நாளா?” பதில் சொல்லத் தடுமாறினால் ஃபோனை வைத்துவிடலாம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வீட்டில் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இன்றைக்குப் போய் மாட்டைப் பற்றி எழுதாதே என்று உத்தரவு.

ஏப்ரல் 15

சிகாகோக்காரர் ஒருவர் உள்ளே புகுந்து, நீங்கள் தின்பதெல்லாம் டிப்பா என்கிறார். அவர்கள் ஊர் இத்தாலியன் பீஃப் வேறு வம்சம். இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் கல்யாண விருந்துக்கு முரட்டு வெட்டுகளை வாங்கி, மசாலாவோடு வேகவைத்து, தாளாகச் சீவி, நிறையப் பேருக்குப் பங்கிட்ட பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். அல்ஸ் கடை 1938-இல் தொடங்கியது. அங்கே சீவல்கள் பூண்டும் ஆரிகனோவும் மணக்கும் சாற்றிலேயே கிடக்கும். இடுக்கியால் அள்ளி ரொட்டியில் வைத்து, வேண்டுமென்று சொன்னால் முழு சாண்ட்விச்சையும் சாற்றில் குளிப்பாட்டித் தருவார்கள். மேலே எண்ணெயில் ஊறிய காரக் காய்கறி, ஜியார்டினியேரா. சாப்பிடும்போது காலை அகட்டி, முழங்கையைக் கவுன்டரில் ஊன்றி, முன்னால் சாய வேண்டும். சட்டையைக் காப்பாற்ற அதுதான் வழி.

நான் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், பிடித்தது. 2022-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு அது இங்கேயும் பல கடைகளின் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் கேள்வி கேட்டவர் முழுக்க நனைந்ததை வெறுப்பவர். அவரிடம் இதைச் சிபாரிசு செய்வது வம்பு.

ஏப்ரல் 16

சிகாகோக்காரருக்கு இன்னும் ஒன்று. நனைத்துத் தின்பதில் எங்கள் ஊருக்குப் பாடம் வேண்டாம். அல்ஹாம்ப்ராவில் 1951-இல் தொடங்கிய தி ஹாட் கடையில் பாஸ்ட்ராமி டிப் சாப்பிட்டுப் பாருங்கள். அதுவும் மாடுதான், உப்பிலும் புகையிலும் பக்குவப்பட்டது. மெக்சிகோவின் பீரியா டாக்கோவைக் கறி வேகவைத்த சாற்றில் முக்கிச் சாப்பிட நள்ளிரவில் தெருவோர வண்டிகள் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். மெக்சிகோவின் குவாதலஹாராக்காரர்களின் தோர்த்தா அஹோகாதா என்ற சாண்ட்விச்சைத் தக்காளிச் சாற்றில் மூழ்கடித்தே தருவார்கள். அது பன்றி. ஆனாலும் ரொட்டிப் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. பிரோத்தே என்ற அந்த ரொட்டி புளித்த மாவில் செய்தது, ஓடு கல். மூழ்கடித்த பிறகும் கையில் நிற்கும். நம் பார்க்காரர்கள் அதில் பாதி கெட்டியான ரொட்டி வாங்கினால் போதும், இந்த இழைக்கே வேலை இல்லை.

ஏப்ரல் 28

கிடைத்துவிட்டது. பாலோஸ் வெர்டீஸ் மலைக்குப் போகிற வழியில் ஒரு பொது கோல்ஃப் மைதானம், அதை ஒட்டிய சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள். ஞாயிறு மதியம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையுறை போட்ட தாத்தாக்கள். தட்டு வந்தபோது எதிர்பார்ப்பு ஒன்றும் பெரிதாக இல்லை.

ரொட்டி ஒரு சாண் நீளம், ஓடு மெலிசு. உள்பக்கம் வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டு எடுத்திருக்கிறார்கள், ஓரங்களில் மட்டும் பொன்னிறம். அந்த வெண்ணெய் படிந்த முகம் சாற்றைச் சட்டென்று உள்ளே விடுவதில்லை. கறியில் மூன்று நிறம்: மிளகு ஒட்டிய கறுப்பு ஓரம், பழுப்பு வளையம், நடுவில் ரோஜா. சாறு கிண்ணத்தில், தனியாக. மேலே கொழுப்புப் பொட்டுகள் மிதந்தன. குடித்தேன். உதடு ஒட்டியது. உப்பு கடைசியில்தான் தெரிந்தது. ஹார்ஸ்ராடிஷ் கலந்த க்ரீம் ஓரத்தில், கேட்காமலே.

பரிமாறிய அம்மாவிடம் பிரைம் ரிப் எப்போது என்று கேட்டேன். “சனி இரவு மட்டும், ஹன். டிப் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.” அன்றைக்கு இரண்டு மணிக்கே பலகையில் அழித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 29

கிண்ணம் பற்றிய என் கட்சியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். ஃபிலிப்பீஸ் மாதிரி நாள் முழுக்க அதே வேலையைச் செய்கிற கை முக்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்று அந்தக் கைக்குத் தெரியும். பட்டியலில் ஐம்பது அயிட்டம் இருக்கிற அக்கம்பக்கத்துக் கடையில் கிண்ணம்தான் காப்பு. தூள் சாறு என்றால் முக்காமலே கறியையும் ரொட்டியையும் தின்றுவிட்டு வரலாம். கேள்வி கேட்டவர் சொன்னதில் இந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முக்கித் தந்தால் அது டிப்பே இல்லை என்ற மறுபாதியை ஒப்ப மாட்டேன்.

மே 12

பார்சல் பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். கட்டாயம் என்றால் ரொட்டி காகிதப் பையில், கறி தனி டப்பாவில், சாறு தனிக் கப்பில். எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் சேர்த்துச் சுற்றினால் ஆவியிலேயே ரொட்டி செத்துவிடும். வீட்டில் ரொட்டியைக் கல்லில் சூடு பண்ணுங்கள். கறியைக் கொதிக்கும் சாற்றில் போடாதீர்கள், சாம்பலாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு முறை அமிழ்த்தி எடுத்தால் போதும்.

மே 19

கோல்ஃப் கடைக்கு இந்த வாரம் போனவர்கள் ஏமாந்து திரும்பியதாகச் செய்தி வந்தது. ஜூன் முடியும்வரை சனிக்கிழமைகளில் அங்கே கல்யாண விருந்துகள், பிரைம் ரிப் முழுவதும் அவர்களுக்கே போய்விடுகிறது. ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டாரன்ஸ்காரர் போய்ப் பார்த்தாரா இல்லையா, அதை இன்னும் எழுதவில்லை.